பூட்டிவிட்டுப் போன புண்ணியவான்கள்

வின்எம்எக்ஸ் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை உலகத்துக்குக் கொடுத்தது கனடாவின் விண்ட்சர் நகரத்தில் இருந்த ஃப்ரண்ட்கோட் டெக்னாலஜிஸ். கொடுத்ததற்காக அவர்களைப் புகழ ஆள் நிறைய உண்டு. நான் புகழ வந்தது, 2005 செப்டம்பரில் அதை அவர்கள் எடுத்துக்கொண்டு போன நேர்த்தியை.

நம்மூரில் கடையை மூடுகிறவர் பழைய வாடிக்கைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுவார். பாக்கி இருந்தால் தீர்ப்பார். போகும்போது ஷட்டரில் ஒரு காகிதமாவது ஒட்டிவிட்டுப் போவார். இப்படிப்பட்ட பழைய பஞ்சாங்க மரியாதைகளால் விண்ட்சர்காரர்கள் யாருடைய நேரத்தையும் வீணாக்கவில்லை. முந்தின நாள் வரை பாட்டும் அரட்டையுமாக இரைந்துகொண்டிருந்த இடத்தில், மறுநாள் வலைத்தளமும் இல்லை, இணைப்பும் இல்லை. கணினியில் நிறுவியிருந்த மென்பொருள் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் திறந்தது. திறந்து, போக வழி தெரியாமல் நின்றது.

அவர்களுடைய தொலைநோக்கையும் சொல்ல வேண்டும். 1999இல் வந்த நாப்ஸ்டர், எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலைத் தன் சர்வரிலேயே வைத்திருந்தது. 2001 ஜூலையில் அந்த சர்வர் நின்றதும் எல்லாமே நின்றது. இந்தப் பலவீனத்தை வின்எம்எக்ஸ் தவிர்த்தது. பட்டியலைப் பயனர்களின் கணினிகளிலேயே பரப்பி வைத்தது. இணைப்பு வலுவாக உள்ளவர் ‘பிரைமரி’. மற்றவர்கள் ‘செகண்டரி’யாக அவரைப் பிடித்துத் தொங்குவார்கள். கோப்பு உங்களுடையது, இணையக் கட்டணம் உங்களுடையது, மின்சாரம் உங்களுடையது, விடிய விடிய உறுமும் கணினி விசிறியும் உங்களுடையது. நிறுவனம் தன் பங்குக்கு வைத்துக்கொண்டது ஒரே ஒரு சின்னச் சாமான்தான். புதிதாக உள்ளே வருகிறவருக்கு, இன்னின்னார் வீடு திறந்திருக்கிறது என்று சொல்லும் சில சர்வர்கள். பியர் கேச் என்பார்கள். ஊரை முழுக்க ஊர்க்காரர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, ஊருக்குள் நுழையும் ஒற்றை வழியை மட்டும் தன் பெயரில் வைத்துக்கொள்ளும் இந்தக் கொடைத்தன்மை பாரிக்குக்கூடத் தோன்றியதில்லை.

கனடாக்காரர்களை மட்டும் புகழ்ந்தால் ஓரவஞ்சனை ஆகிவிடும். மூடச் சொல்லிக் கடிதம் போட்டவர்களுக்கும் பங்கு உண்டு. 2005 ஜூன் 27 அன்று, எம்ஜிஎம் எதிர் க்ரோக்ஸ்டர் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: பதிப்புரிமையை மீறத் தூண்டும் நோக்கத்தோடு ஒரு கருவியைப் பரப்பினால், மீறலுக்குப் பரப்பியவரும் பொறுப்பு. அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, செப்டம்பரில் அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம் பல நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. (திருட்டுப் பாட்டே அங்கே ஓடவில்லை என்று சொல்ல நான் வக்கீல் இல்லை. ஆறாக ஓடியது.)

இந்தச் சங்கத்தின் வீரத்தைப் பாடாமல் விட்டால் நாக்கு அழுகிவிடும். 2003 செப்டம்பரில் ஒரே நாளில் 261 பேர் மேல் வழக்குத் தொடுத்தார்கள். அந்தப் பகைவர் கூட்டத்தில் நியூயார்க்கில் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அவளுடைய அம்மா 2,000 டாலருக்குச் சம்மதித்த பிறகுதான் அமெரிக்க இசை மூச்சு விட்டது. 2005இல் மேற்கு வர்ஜீனியாவில் 83 வயது மூதாட்டி ஒருவர் பெயரில் வழக்கு. அவர் அதற்குள் இறந்தே போயிருந்தார். உயிரோடு இருந்தபோதும் அவருக்குக் கணினி என்றாலே ஆகாது என்றார் மகள். எமன்கூட ஆளைக் கூட்டிக்கொண்டு போனதோடு சரி, பின்னாலேயே நோட்டீஸ் அனுப்புகிறவன் இல்லை.

இத்தனை பேர் சேர்ந்து இழுத்துச் சாத்திய கதவு எத்தனை காலம் சாத்தியிருந்தது? சில நாள். அதுவும் அவர்கள் பெருமைக்கே சாட்சி, ஏனென்றால் பூட்டைத் திறக்கும் வழியையும் அவர்களே உள்ளே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் பியர் கேச் சர்வர்களின் பெயர்கள்தான். பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது விண்டோஸின் வேலை. விண்டோஸோ வெளியே டிஎன்எஸ்ஸிடம் கேட்பதற்கு முன்னால், ஹோஸ்ட்ஸ் என்ற சின்ன எழுத்துக் கோப்பு ஒன்றைப் புரட்டிப் பார்க்கும். அதில் நிறுவனத்தின் சர்வர் பெயருக்கு நேராக வேறொருவருடைய எண்ணை எழுதிவைத்தால் தீர்ந்தது. ஆர்வலர்கள் தங்கள் கணினிகளைப் பியர் கேச் போலவே பதில் சொல்ல வைத்தார்கள். மற்றவர்கள் அந்த எண்களை ஹோஸ்ட்ஸில் ஒட்டிக்கொண்டார்கள். மென்பொருள் விண்ட்சருக்கு வழி கேட்டது. யாரோ ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் விட்டார்கள். அது சந்தோஷமாகப் பாட ஆரம்பித்தது. நிறுவனம் பல ஆண்டுகள் கட்டிக் காத்த அதிகாரம், நோட்பேடில் சில வரி.

பயனருக்குக் கிடைத்த இலவசக் கல்வியை நினைத்தால்தான் எனக்குத் தழுதழுக்கிறது. பாட்டு கேட்க வந்தவர், ‘சிஸ்டம்32’ கோப்புறைக்குள் ‘ட்ரைவர்ஸ்’, அதற்குள் ‘ஈடிசி’ என்று இறங்கக் கற்றார். ஹோஸ்ட்ஸுக்கு வால் கிடையாது என்பதையும், நோட்பேட் நம்மைக் கேட்காமலே பின்னால் ஒரு ‘டிஎக்ஸ்டி’ வாலை ஒட்டிவிடும் என்பதையும், அந்த வாலை விண்டோஸ் நம் கண்ணுக்குக் காட்டாமல் மறைக்கும் என்பதையும் ஒரு ராத்திரி கண் விழித்துக் கற்றார். விண்டோஸ் விஸ்டா வந்த பிறகு, சொந்தக் கணினியிலேயே தான் நிர்வாகி இல்லை என்று கற்றார். ஹோஸ்ட்ஸைத் திருத்துவது வைரஸ்களும் கையாளும் உத்தி என்பதால், ஆன்டிவைரஸ் தன்னையே கிருமியாகப் பார்ப்பதைக் கற்றார். ரூட்டருக்குள் நுழைந்து டிசிபி 6699, யுடிபி 6257 என்று இரண்டு துளைகளைத் திறக்கக் கற்றார். கட்டணம் வாங்காமல் இத்தனை பேரை நெட்வொர்க் வேலைக்குத் தயார் செய்த பாடசாலை வேறெங்கே இருக்கிறது?

தொண்டைமானின் ஆயுதசாலையைக் கண்ட ஔவையைப் போல நானும் வியந்து நிற்கிறேன். நிறுவனம் கடைசியாக விட்டுச்சென்ற பதிப்பு ஒரு கீறல் இல்லாமல், ஒட்டுப்போடாமல், பளபளவென்று, யாரோடும் இணையாமல் அப்படியே இருக்கிறது. ஆர்வலர்களின் பிரதியோ டிஎல்எல் பேட்ச் போட்டு, போலிக் கோப்பு விடுகிறவர்களைத் தடுக்க மறுபடி பேட்ச் போட்டு, எந்நேரமும் பட்டறையிலேயே கிடந்தது. பாவம், அது ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் மூடியவர்கள் இந்தக் கலையை இன்னும் மெருகேற்றினார்கள். லைம்வயர் என்ற இன்னொரு கோப்புப் பகிர்வு மென்பொருளை 2010 அக்டோபர் 26 அன்று நீதிமன்றத் தடை நிறுத்தியது. 5.5.11 முதலான புதிய பதிப்புகளை நிறுவனமே தூரத்திலிருந்து செயலிழக்கச் செய்ய முடிந்தது, 5.5.10ஐயும் அதற்கு முந்தியவற்றையும் தொட முடியவில்லை. புதுப்பிக்கச் சொன்ன போதெல்லாம் தட்டாமல் புதுப்பித்த நல்ல பிள்ளைகளுக்கு நிசப்தம், சொன்ன பேச்சுக் கேட்காத சோம்பேறிகளுக்குச் சங்கீதம். கீழ்ப்படிதலுக்கு இவ்வளவு உடனடியாகப் பலன் கிடைத்து நான் பார்த்ததில்லை. அடுத்த மாதமே, நிறுவனத்தின் சர்வர்களை நம்பும் பகுதியையும் விளம்பரங்களையும் வெட்டியெறிந்துவிட்டு, ‘பைரேட் எடிஷன்’ என்ற பெயரில் அது திரும்பி வந்தது.

லைம்வயர் வழக்கின் இழப்பீட்டுக் கணக்கில் இசை நிறுவனங்கள் காட்டிய கற்பனை வளத்துக்குத் தனியே ஒரு காவியம் எழுதலாம். ஒவ்வொரு பாட்டையும் பதிவிறக்கிய ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தொகை என்று அவர்கள் வாதாட, அது பல லட்சம் கோடி டாலர் வரை போகக்கூடும் என்ற நிலை வந்தது. ரசனை போதாத நீதிபதி கிம்பா வுட் 2011 மார்ச்சில் அதை அபத்தம் என்று தள்ளினார். மே மாதம் 10.5 கோடி டாலரில் சமாதானம் ஆனது.

லைம்வயர் என்ற பெயரை ஆஸ்திரியச் சகோதரர்கள் இருவர் வாங்கி, 2022இல் அதே பெயரில் என்எஃப்டி சந்தை ஒன்றைத் திறந்தார்கள். பழைய மென்பொருளுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை.