அண்ணாச்சியின் லாங் சைஸ் நோட்டு

அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. பணத்துக்கு ஆபத்து கிடையாது. மெயில் ஐடியைத்தான் கேட்பார்.

"தம்பி, ஐடி சொல்லுங்க."

"எதுக்கு அண்ணாச்சி?"

"சும்மாதான். தொடர்புல இருப்போம்லா."

பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வங்கியிலிருந்தோ, பள்ளிக்கூடத்திலிருந்தோ, மின்வாரியத்திலிருந்தோ ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் வெளியூரில். எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதினால் அனுப்ப வேண்டும், அனுப்ப ஆள் வேண்டும். ஆள் சேர்க்கத்தான் அந்த மஞ்சள் பையும், பைக்குள் காலிகோ அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டும்.

அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கக் கிடைத்தது. பக்கத்துக்கு ஐந்து கட்டம், ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் போட்டிருக்கிறார். வரிசை எண், பெயர், ஊர், மெயில் ஐடி. ஐந்தாவது கட்டத்தின் தலைப்பு 'வாங்கிய இடம்'. மற்ற நாலையும் விட்டுவிட்டு இந்த ஒரு கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் போதும், அவருடைய வாழ்க்கை வரலாறே கிடைத்துவிடும். 'ஆனித் தேர், வடம் பிடிக்கையில்.' 'ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே வரிசை.' 'நெல்லை எக்ஸ்பிரஸ், சைடு அப்பர்.' 'குறுக்குத்துறை, பதினாறாம் நாள் காரியம்.' ஓர் இடத்தில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. ஐந்தாவது கட்டத்தில், 'பெயர் கேட்க மறந்தேன். கண்ணாடி போட்டவர்' என்று எழுதியிருந்தார்.

தேர் வடத்துக்கு அவர் போவது இழுப்பதற்காக என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நெல்லையப்பர் தேர் சின்னத் தேரா? இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்துக்கொண்டு ரத வீதியில் நிற்பவன் ஓடிப் போக முடியாது. கையை விட்டால் சாமி குத்தம். அண்ணாச்சி நோட்டும் பேனாவுமாக வடத்தை ஒட்டியே நடந்து வருவார். தேர் நிலைக்கு வருவதற்குள் ஒரு பக்கம் நிரம்பிவிடும்.

இருட்டுக்கடை வரிசையும் அவருக்குத் தோதான இடம். சாயங்காலம் கடை திறக்குமுன் அல்வாவுக்காக நிற்கிற கூட்டத்தில், உயிரே போனாலும் இடத்தை விட்டு நகர மாட்டார்கள். முன்னால் நிற்பவர் முதுகுக்கும் பின்னால் நிற்பவர் பைக்கும் நடுவே மாட்டிக்கொண்டவனிடம், "சும்மாதான்" என்று ஆரம்பிப்பார். அங்கே ஒரு கோவில்பட்டிக்காரர் அவரை மடக்கப் பார்த்தார். "அண்ணாச்சி, இந்தக் கடைக்காரங்க யார்ட்டயும் விலாசம் கேக்கல. கண்ணுல அடிக்கிற மாதிரி ஒரு போர்டுகூடக் கிடையாது. கூட்டம் தானா வருது பாத்தீயளா?" அண்ணாச்சி அசரவில்லை. "அல்வா வேற, இலக்கியம் வேற வே. ஐடி சொல்லும்."

இதெல்லாம் சில்லறை வியாபாரம். மொத்த வியாபாரம் கல்யாண வீட்டில். மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மொய் எழுதுபவர் "பேரு? ஊரு?" என்று கேட்டு முடித்ததும் இவர் "ஐடி?" என்பார். ஒரே குரலில் ஒரே மேசையில் கேட்பதால் பெண் வீட்டுப் புது ஏற்பாடு என்றே ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். ஐநூற்றி ஒன்று வைத்த வள்ளியூர்ப் பெரியவர் ஒருவர், "மெயில் இல்ல, ஜிபே நம்பர்தான் இருக்கு, அதுலயே திருப்பிப் போட்டுருங்க" என்று விவரமாகச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார். மாப்பிள்ளையிடமும் வாங்கியிருக்கிறார், தாலி கட்டுவதற்கு முன்னால். 'வாங்கிய இடம்: மணவறை.'

வாங்கியதை அவர் எழுதிக்கொள்கிற அழகு தனி. 'அண்டர்ஸ்கோர்' என்று சொன்னால், அடியில் கோடு போடாமல் அண்டர்ஸ்கோர் என்றே பத்து ஆங்கில எழுத்தையும் கோத்து எழுதுவார். 'டாட்' என்றால் அதுவும் எழுத்தில்தான். வீட்டுக்குப் போய்ச் சட்டமாக உட்கார்ந்து அத்தனையையும் கணினியில் ஏற்றி அனுப்புவார். இல்லாத விலாசத்துக்குப் போன மடல் போன வேகத்தில் திரும்பி வரும். திருப்பி அனுப்பும் இயந்திரத்துக்கு மெயிலர் டேமன் என்று ஒரு பெயர் இருக்கிறதல்லவா? அதை வெகு காலம் ஒரு வாசகர் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

"இங்க உள்ளவன் மாசம் ஆனாலும் ஒரு வரி போட மாட்டான். டேமன்னு ஒரு வெள்ளைக்காரர். நான் அனுப்பி அடுத்த நிமிசம் பதில் வந்துரும். ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி. என்ன ஒரு ஈடுபாடு!"

பேரன் விளக்கிச் சொன்ன பிறகு இரண்டு நாள் வருத்தமாக இருந்தார் என்று கேள்வி.

அனுப்புவது சனிக்கிழமை ராத்திரி. ஜிமெயிலில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்பதால் மிச்சம் உள்ளவர்களுக்கு ஞாயிறு. விலாசம் அத்தனையும் 'பெறுநர்' கட்டத்தில் பகிரங்கமாக வரிசை கட்டி நிற்கும். பிசிசி என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் போட்டால் ஒருவர் விலாசம் அடுத்தவருக்குத் தெரியாது என்று பலரும் சொல்லிவிட்டார்கள். "ஒளிச்சு வைக்க என்ன இருக்கு? எல்லாரும் நம்ம ஆளுகதான" என்பார்.

இதற்கு ஒரு மூதாதை உண்டு. 1978 மே மாதம் அமெரிக்காவில் டெக் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைக்காரர் கேரி துர்க், அப்போதிருந்த ஆர்ப்பாநெட் வலையில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். விலாசங்களை அச்சிட்ட முகவரிப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கையால் ஏற்றியிருந்தார்கள். அவை கட்டத்துக்குள் அடங்காமல் வழிந்து கடிதத்துக்குள்ளேயே வந்து விழுந்தன. இன்றைக்கு ஸ்பாம் என்கிறோமே, அதன் முதல் மடல் என்று இதைத்தான் சொல்கிறார்கள். துர்க்குக்கு வசவு கிடைத்தது, கம்ப்யூட்டரும் விற்றது என்று அவரே பின்னால் சொல்லிக்கொண்டார். அண்ணாச்சிக்கு வசவு மட்டும்தான்.

அவர் எழுதுவது மோசமா என்றால், இல்லை. அதுதான் எரிச்சலே. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் கால்நடையாகப் போய்ப் பார்த்தவர். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மூச்சு விடாமல் சொல்வார். எந்தக் கால்வாயில் எந்த மடை அடைபட்டிருக்கிறது, எந்தக் குளத்துக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பதெல்லாம் விரல் நுனியில். வாரத்துக்கு ஓர் அணைக்கட்டாக எட்டு வாரம் நன்றாகத்தான் போகும். ஒன்பதாவது வாரம் மறுபடியும் கோடைமேலழகியான்.

படிக்காமலே பதில் போடுகிற வாசகர்களும் அவருக்கு வாய்த்திருக்கிறார்கள். 'மருதூர்: சில நினைவுகள்' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு மகாராஜன் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எல்லோருக்கும் போகிற மாதிரி அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். 'ஆத்மா சாந்தியடையட்டும்', 'ஈடு செய்ய முடியாத இழப்பு', 'எப்போ எடுக்காங்க?' என்று விடிய விடிய வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. மருதூர் கட்டுரைக்குத்தான் வரவேற்பு அதிகம் என்று அடுத்த வாரம் எழுதினார்.

வேடிக்கையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். இது கடிதத்துக்குப் பேர் போன மண். வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி நடத்திய ரசிகமணி டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் நூலாகவே வந்தன. வண்ணதாசன் எழுதிய கடிதங்களும் அப்படித்தான். ராஜவல்லிபுரத்து வல்லிக்கண்ணன் 2006-ல் மறையும் வரை, முகம் தெரியாத புது எழுத்தாளன் அனுப்பிய புத்தகத்துக்கெல்லாம் அஞ்சலட்டையில் பதில் எழுதினார். சின்னச் சின்ன எழுத்தில், ஓரம் வரைக்கும். அந்த அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இருப்பார்கள். அவரிடமும் விலாசங்கள் இருந்திருக்கும். ஆனால் ஓர் அட்டை ஓர் ஆளுக்குத்தான் போனது.

அண்ணாச்சி யாருக்கும் பதில் போட்டதில்லை. கன்னடியன் கால்வாய் பற்றி ஒரு சந்தேகம் கேட்டு மெனக்கெட்டு எழுதினேன். பதிலாக வந்தது அந்தச் சனிக்கிழமை மடல், அரியநாயகிபுரம். தொடர்பில் இருப்போம் என்று வாங்கிய விலாசத்துக்கு இப்போது என்னென்னவோ வருகிறது. பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றம். மைத்துனர் வி.எம். சத்திரம் பக்கம் பிளாட் போட்டிருக்கிறார், சென்ட் இவ்வளவு, பார்ட்டி நேரில் வரவும். பக்கத்து வீட்டுக்காரரின் கார் விற்பனைக்கு. அணைக்கட்டுக்காகக் கொடுத்த ஐடியில் கார் எதற்கு வர வேண்டும்? காலமானவர்கள் பெயரைக்கூட அவர் அடிப்பதில்லை. சிவப்பு மையில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி போட்டுவிட்டு அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார். அப்பா போன பிறகும் அப்பாவுக்கு மடல் வருகிறது என்று ஒரு நண்பர் சொன்னார்.

இவ்வளவு பேசுகிறேனே, 2023 டிசம்பர் வெள்ளத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. இங்கே தாமிரபரணி கரை மீறி குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீர். கரண்ட் இல்லை, செல்போனில் டவர் இல்லை. தண்ணீர் வடிந்த மறுநாள், வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, சகதியில் செருப்பைக் கையில் பிடித்தபடி அண்ணாச்சி சிந்துபூந்துறைப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கினார். மஞ்சள் பையில் பிரெட்டும் மெழுகுவர்த்தியும். ஊர் வாரியாக, பெயர் வாரியாக ஆளைத் தேட நோட்டு இருந்ததே! ஒரு வீட்டில் வயதான அம்மா, "சொந்தக்காரன்கூட இன்னும் எட்டிப் பாக்கல, நீங்க வந்தியளே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணாச்சிக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"மகன் ஐடி அதேதான? மாறலையே?"

போன மாதம் துணிந்து ஒரு கடிதம் எழுதினேன். 'மதிப்பிற்குரிய அண்ணாச்சி, தங்கள் பட்டியலிலிருந்து என் விலாசத்தை நீக்கிவிட வேண்டுகிறேன்.' அவ்வளவுதான், இரண்டு வரி. கூகுள் 2024-லிருந்து, நாளைக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புபவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வைத்தாக வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. அண்ணாச்சி 5,000 எட்டவில்லை. ஆகவே மனுப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சனிக்கிழமை மடல் வழக்கம்போல வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'வாசகர் கடிதம்'. கீழே என் இரண்டு வரி, என் பெயர், தெருப் பெயரோடு. 'இப்படி மனம் திறந்து விமர்சிக்கும் வாசகர்கள் அமைவது பெரும் பேறு' என்று ஆசிரியர் குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் 'என்னையும் நீக்கவும்' என்று நாற்பதுக்கு மேல் பதில்கள், எல்லாம் எல்லோருக்கும் போகிற மாதிரி. நடுவில் யாரோ ஒருவர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டிருந்தார். திங்களன்று மார்க்கெட்டில் அண்ணாச்சியைப் பார்த்தபோது என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"வாரா வாரம் ஒண்ணு எழுதுங்க தம்பி. உங்க எழுத்துக்கு நல்ல ரெஸ்பான்ஸ்."