கிட்டங்கிக்கு வைஃபை கிடையாது

ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே மடிக்கணினியில் தொழில் நடத்துவது புதுசாம். காரைக்குடிக்கு வந்து சொல்லிப் பாருங்கள், செட்டியார் வீட்டு ஆச்சிமார் சிரிப்பார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்பே முதலாளி செட்டிநாட்டுத் திண்ணையில். கடை ரங்கூனிலும் பினாங்கிலும். 'கொண்டுவிக்க', அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போனவருக்குத் தவணை மூன்று வருடம். கிட்டங்கி என்ற பொதுக் கட்டடத்தின் கூடத்தில் ஆளுக்கொரு கைப்பெட்டி. பகலில் அதுதான் ஆபீஸ், ராத்திரி பக்கத்திலேயே படுக்கை. இதற்குத்தான் இன்று 'கோ-ஒர்க்கிங்' என்று பெயர் வைத்து வாடகை வாங்குகிறார்கள். கடிதம் கப்பலில் வரும். பதில் போவதற்குள் கோபம் ஆறிவிடும். வாட்ஸ்அப்பில் இந்த வசதி இல்லை.

குடும்பத்தைக் கூட்டிப் போனார்களா? பெரும்பாலும் இல்லை. பிள்ளை, சடங்கு, வரவு செலவு எல்லாம் ஆச்சி தலையில். அந்த ஞானம் இப்போது புரிகிறது. போன மாதம் விடுதியாக மாறிய ஒரு பழைய வீட்டில் குடும்பத்தோடு 'சுற்றும்' முதலாளி ஒருவரைப் பார்த்தேன். வளவில், அதாவது உள்முற்றத்தில், பர்மாத் தேக்குத் தூணோடு ஒட்டி நின்று சிக்னல் தேடினார். வாடிக்கையாளர் அழைப்பு நடுவே, ஆத்தங்குடிக் கல் தரையில் சறுக்கிக்கொண்டிருந்த அவர் பையன் கத்தினான்: "அப்பா, அந்த அங்கிள் நிஜமாவே லூசாப்பா?" மனிதர் மியூட் போட மறந்திருந்தார்.

அந்த ரங்கூன் கடைகளுக்கும் ஒரு முடிவு வந்தது. 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அங்கிருந்து பலர் கால்நடையாகவே ஊர் திரும்பினார்கள். 1948-ல் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. அந்தப் பர்மாத் தேக்குத் தூண் மட்டும் இங்கே நிற்கிறது, சிக்னல் இல்லாமல்.