அடையாற்றுத் திணையியல்: வாடகைக்கு வீடு தேடுவோருக்கான ஓர் ஆய்வு

சென்னையில் வசதியுள்ளோர் வாழும் பகுதிகளுள் அடையாறு தலையாயது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அடையாறு எதுவரை என்பதில்தான் வேறுபாடு. அஞ்சல் துறை 600020 என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். தரகர் மரபோ விரிந்த மனம் கொண்டது. அம்மரபில் திருவான்மியூர் ‘அடையாறே தான் சார்’, வேளச்சேரி ‘அடையாறு பக்கம் சார்’, பெருங்குடி ‘அடையாறுல இருந்து ஒரே ரோடு சார்’. தரகர் மதத்தைப் பூர்வபட்சமாக இங்கே பதிந்துவிட்டு மேலே செல்வோம்.

முன்னோர் இப்பகுதியைச் சதுர அடி விலைப்படி வகுத்தனர். விலை வாங்குபவன் கவலை. குடியிருக்க வருகிறவன் பார்க்க வேண்டியது திணை. தொல்காப்பியர் சொன்ன முதல், கரு, உரி மூன்றும் இங்கே பிசகாமல் பொருந்துகின்றன. முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம் வீட்டுக்காரருடையது. பெரும்பொழுது பதினோரு மாதம்; பன்னிரண்டாவது மாதம் என்ற ஒன்று வாடகை ஒப்பந்த உலகில் கிடையாது. சிறுபொழுது ஐந்தாம் தேதி. கருப்பொருளில் தெய்வம் அசோசியேஷன் செக்ரட்டரி. பறவை, 1882 முதல் இங்கிருக்கும் பிரம்மஞான சபைத் தோட்டத்து வௌவால் (அது பறவையா என்று கேட்போர் வேறு கட்டுரை பார்க்க). விலங்கு கொசு. பக்கிங்ஹாம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வெட்டப்பட்டது. அதில் இன்று படகு இல்லை. கால்வாயின் அனுபவ பாத்தியதை கொசுவுக்குப் போய்விட்டது. கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையங்களில் மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் நின்றவர் இதற்குச் சான்று கேட்கமாட்டார்.

பெசன்ட் நகர் நெய்தல். இதன் உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் சொன்னது சும்மா இல்லை. ‘கடல் காத்து சார், ஏசியே தேவைப்படாது’ என்பார் தரகர். அது உண்மை, வெளியே தொங்கும் ஏசிப் பெட்டியின் செம்பை உப்பு தின்றுவிட்ட பிறகு ஏசி இருந்தும் இல்லாததே. ஜன்னல் கம்பியை நெருங்கிப் பாருங்கள். பெயின்ட் அப்பளம்போல் உப்பியிருக்கும். விரல் பட்டால் பொரிந்து உதிரும். தினமும் காலையில் பெருக்கும்போது ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் காவி நிறத்தில் ஒரு கோடு கிடக்கும். பெயின்டர் வந்து ‘ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு அடிச்சுட்டா கவலையே இல்ல’ என்பார்; மறு வருடமும் வந்து அதையே சொல்வார். நெய்தலின் சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். எலியட்ஸ் கடற்கரைக்கு ஊரே வண்டி கட்டிக்கொண்டு வருவதும் அப்போதுதான். சனி, ஞாயிறுகளில் உங்கள் கேட்டின் முன் நிற்கும் காருக்கு உரியவர் மணலில் மாங்காய் பத்தை தின்றுகொண்டிருப்பார். தலைவி இரங்குவாள்.

காந்தி நகரும் கஸ்தூரிபா நகரும் முல்லை. மரமும் நிழலும் உண்டு. உரிப்பொருள் இருத்தல்: சங்கத் தலைவி தேரை எதிர்பார்த்திருந்தாள், இங்கே செக்ரட்டரி தண்ணி லாரியை எதிர்பார்த்திருக்கிறார். புழல், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் நான்கும் கையை விரித்த 2019 கோடையில் முல்லைத்திணை தன் உச்சத்தை அடைந்தது. ஆகவே இங்கே வீடு பார்ப்பவர் மொசைக் தரையைப் பார்க்க வேண்டாம். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி தெருவுக்குள் திரும்புமா, அதன் ஓஸ் சம்ப் வரை எட்டுமா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கோட்டூர்புரத்து ஆற்றங்கரை மருதம், உரிப்பொருள் ஊடல். கீழ்வீட்டுக்கும் மாடிக்கும் மோட்டார் போடுவதில் தொடங்கும் இவ்வூடல், 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீட்டார் மாடியேறியபோது தானே தீர்ந்தது. தண்ணீர் வடிந்தபின் மோட்டாரைப் பழுது பார்க்கும் செலவில் மறுபடி தொடங்கியது.

குறிஞ்சிக்கு மலை வேண்டும். அடையாற்றில் மலை இல்லை, விலைதான் உண்டு. லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியை உரையாசிரியர்கள் இதில் அடக்குவர்.

பாலைக்குத் தனி நிலம் இல்லை, பிற நிலமே திரிந்து பாலையாகும் என்ற கொள்கையை மெய்ப்பித்த பெருமை மெட்ரோ ரயில் வேலைக்கு உரியது. நீலத் தடுப்பு எங்கே முளைக்கிறதோ அங்கே பாலை. எல்.பி. ரோட்டில் எதிர்க்கரை மளிகைக் கடைக்குப் போனவன் பிரிந்தவனே.

இத்தனை நுட்பமாகத் திணை தேர்ந்தாலும், தேர்வை எழுதுவது நாம், திருத்துவது வீட்டுக்காரர். நேர்காணலின் முறை எல்லாத் திணைகளுக்கும் பொது.

“சாருக்கு சொந்த ஊர்?”

“திருநெல்வேலி.”

“திருநெல்வேலில எங்க?”

“பாளையங்கோட்டை.”

“பாளையங்கோட்டைல எந்தத் தெரு?”

மூன்றாம் கேள்வியை நில நூல் ஆர்வம் என்று கொள்வோர் புதியவர். அடுத்து வரும் ‘வீட்ல சமையல் எல்லாம் எப்படி?’ என்பதில் ஐயம் தெளியும். கடற்காற்றும் மரநிழலும் சாதி கேட்பதில்லை. வாடகைக்கு விடுகிறவர் கேட்கிறார், அதுவும் தெருப் பெயர் வழியாக, மிக நாகரிகமாக.

முன்பணம் பற்றி ஒரு குறிப்பு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. வாடகைதாரர் ‘மூன்று மாதம்’ என்ற பகுதியைப் படிக்கிறார். வீட்டுக்காரர் ‘வேறு உடன்பாடு’ என்ற பகுதியைப் படிக்கிறார். இருவரும் சந்திக்கும் இடம் பத்து மாதம்.

இவ்வாய்வின் தரவுகளை ஸ்கூட்டரில் ஏற்றிச் சென்று காட்டிய தரகர், நம் வருமானத்தையும் தெருப் பெயரையும் கேட்டறிந்தபின், நமக்கேற்ற திணை மேடவாக்கம் என்று முடிவுரைத்தார். அடையாற்றிலிருந்து இருபதே நிமிஷமாம். அது எந்த நேரத்து இருபது நிமிஷம் என்று கேட்டபோது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.