வாகன விசாரம்

ஏறினவனைச் சுமந்து செல்வது வாகனம் என்பது உலகத்தார் ஒப்புக்கொண்ட லட்சணம். இது காளைக்கும் கருடனுக்கும் பொருந்தும். கட்டை வண்டிக்கும் பொருந்தும். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் சைக்கிளுக்கும் பொருந்தும். முருகப் பெருமான் மயிலைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறினார் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. ஆனால் பெல்ஜியம் தேசத்தின் ஃபிளாண்டர்ஸ் பிரதேசத்திலே, கார்த்திகை மார்கழிக் குளிரில், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், மற்ற ஆறு நாட்களும் புத்தி சுவாதீனத்துடன் உத்தியோகம் பார்க்கிற மனிதர்கள் நாற்பது ஐம்பது பேர் தத்தம் சைக்கிளைத் தோளில் சுமந்து, கணுக்காலுக்கு மேல் சேறு ஏற, மேட்டு நிலத்தில் மூச்சிரைக்க ஓடுவதையும், அதைப் பார்ப்பதற்கென்றே ஊர் ஜனங்கள் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்துடன் கயிற்றோரம் நின்று, மாட்டுக் கழுத்தில் கட்டும் மணியைக் கையால் ஆட்டி ஆர்ப்பரிப்பதையும் கண்ட பிறகு, மேற்படி லட்சணத்துக்கு ஏதோ தோஷம் ஏற்பட்டுவிட்டது என்ற சந்தேகம் எனக்கு உண்டாயிற்று. சுமக்காத சைக்கிளையும் வாகனம் என்றே சொல்வதால் அவ்யாப்தி. சுமக்கிற மனிதனும் வாகனமாகிவிடுவதால் அதிவ்யாப்தி. ஒரே மேட்டில் இரண்டு தோஷங்கள் ஓடுவதைக் கண்டும் சும்மா இருப்பது தர்க்க சாஸ்திரத்தின் வாசனை கொஞ்சமேனும் பட்டவனுக்கு அழகல்ல.

இந்த விளையாட்டுக்குச் சைக்ளோ-கிராஸ் என்று பெயர். ஃபிளெமிஷ் பாஷையில் 'வெல்ட்ரைடன்' என்பார்கள். வயலில் சவாரி என்பது பொருள். வயல் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உற்பத்தி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உற்பத்தியைக் கேட்டு யாருக்கும் கால் வலித்ததில்லை. சாலைப் பந்தயக்காரர்கள் குளிர்காலத்தில் உடம்பு கெட்டியாக இருக்கட்டும் என்று, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வயலையும் வேலியையும் தாண்டிக் குறுக்கு வழியில் போட்டி போட்டதிலிருந்து இது பிறந்தது. டானியேல் கூஸோ என்னும் பிரெஞ்சுப் படைவீரர் 1902-இல் அந்நாட்டின் முதல் தேசியப் பந்தயத்தை நடத்தினார் என்பது சம்பிரதாயம். ஆக்டாவ் லாபீஸ் 1910-இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றபோது, அந்த வெற்றிக்கு இக்குளிர்காலச் சாதகமே காரணம் என்று கூறினாராம். அதன் பிறகு இதன் கீர்த்தி பரவிற்று. உலகப் பட்டத்துக்கான முதல் போட்டி 1950-இல் பாரிஸில் நடந்தது. ழான் ரோபிக் வென்றார். இறங்கிச் சுமந்து ஓடுவதற்கு முன்னோர் சொன்ன நியாயம் ஒன்று உண்டு. பெடலை மட்டுமே மிதித்துக்கொண்டிருந்தால் குளிரில் பாதம் விறைத்துப்போகும். இடையிடையே இறங்கி ஓடினால் ரத்தம் ஓடிச் சூடேறும் என்பது அது. பாதம் சூடாக வேண்டுமென்றால் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு கணப்பருகில் உட்காரலாமே என்ற கேள்வியை அவர்களில் ஒருவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

இனி விதிகள். சர்வதேச சைக்கிள் சங்கத்தின் சாஸ்திரப்படி டயரின் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது. குறுக்கே நிறுத்தும் பலகையின் உயரம் 40 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. பாதை இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடைப்பட்ட கிலோமீட்டர் நீளமுள்ள வட்டமாக இருக்க வேண்டும். அதில் தொண்ணூறு சதவீதமாவது ஏறி ஓட்டிச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். யாரால் ஓட்டிச் செல்லத்தக்கது என்பதைச் சூத்திரம் சொல்லவில்லை. பாஷ்யகாரர்களும் மௌனம் சாதிக்கிறார்கள். இந்த ஒரு மௌனத்துக்குள்தான் என் அனுபவம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

பிரமாணங்களில் பிரத்தியட்சமே தலை என்பதால், உத்தியோக நிமித்தம் கென்ட் நகரில் வசிக்கும் நான், பழைய சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி, புதியவர்களுக்கான நாற்பது நிமிஷப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். ஆப்த வாக்கியத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் கிடைத்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் பல குளிர்காலங்களைச் சேற்றிலேயே கழித்தவர். அவருடைய முதல் உபதேசம் இது: "சேற்றில் பிரேக் பிடிக்காதீர்கள். பிடித்தால் விழுவீர்கள். பிடிக்காவிட்டாலும் விழுவீர்கள், ஆனால் கொஞ்சம் முன்னால் போய் விழுவீர்கள். பந்தயம் என்றால் அதுதானே?"

கல்லைப் போல இறுகக் காற்றடித்திருந்த டயரை அவர் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். முப்பது பவுண்டுக்கும் கீழே இறக்கிவிட்டு, விரலுக்கு டயர் குழைந்து கொடுக்கும்படி செய்தார். இறுகிய டயர் சேற்றின் மேல் வழுக்கும். தளர்ந்த டயர் பரந்து பற்றும். தமிழ்நாட்டில் இந்த நிலையில் ஒரு சைக்கிளைக் கண்டால் பங்க்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவோம்.

அடுத்தது இறங்கும் கலை. சைக்கிளிலிருந்து இறங்க எனக்குத் தெரியும் என்று நாற்பது வயது வரை நம்பியிருந்தேன். இங்கே இறங்குவது என்றால் நிறுத்தி இறங்குவது அல்ல. ஓட்டத்திலேயே வலக்காலைப் பின்புறமாகச் சுழற்றிச் சீட்டுக்கு மேலாக இந்தப் பக்கம் கொண்டுவந்து, இடக்கால் ஒன்றே பெடலில் நிற்க, உடம்பு கொக்கைப் போல ஒரு க்ஷணம் அந்தரத்தில் இருந்து, பின்பு இரண்டு காலும் தரையில் பட்ட மாத்திரத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பலகையைத் தாண்டுவது. பூங்காவில் மரக்கிளை ஒன்றைக் குறுக்கே போட்டுப் பதினைந்து நாள் பழகினேன். கொக்கு வரை வந்துவிட்டது. அதற்கு அப்பால் உள்ள பகுதிதான் பலநாள் வரவில்லை.

ஏறுவது இன்னும் நுட்பமானது. ஓடிக்கொண்டே ஹாண்டில்பாரைப் பிடித்துத் தள்ளி, தாவி, வலத்தொடையின் உட்பக்கம் சீட்டில் படும்படி விழுந்து சறுக்கி உட்கார வேண்டும். உட்தொடையில் விழ வேண்டும் என்பதைத் தபால்காரர் மும்முறை சொன்னார். வேறு எங்கே விழக்கூடும் என்று அப்போது கேட்டேன், பிறகு கேட்கவில்லை. அதன் விவரம் ஆராய்ச்சிக் கட்டுரையின் கண்ணியத்துக்கு உட்பட்டதல்ல.

சுமக்கும் முறைக்கு வருவோம். வலக்கையைச் சட்டத்தின் முக்கோணத்துக்குள் நுழைத்து, மேற்குழாயைத் தோளில் ஏற்றி, கையைக் கீழ்க்குழாய்க்கு அடியாகச் செலுத்தி ஹாண்டில்பாரைப் பற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரம் திரும்பிக் காதருகே அறையும். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த பாவனை இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவனுக்கு வழி நெடுகக் கதையாவது கிடைத்தது. எனக்குக் கிடைத்தது சட்டத்திலிருந்து கழுத்துக்குள் சொட்டிய கறுப்பு நீர்.

பந்தய தினத்துக்கு முந்திய இரவு பெய்த மழையைப் பற்றிச் சொல்லு முன், சேற்றைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகப் பேச அனுமதி வேண்டும். நம் பாஷையில் சேறு, சகதி, தொளி, அள்ளல், அளறு, பங்கம் என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. இவை ஒரே பொருளைச் சுட்டும் பரியாயப் பதங்கள் என்று நினைத்திருந்தது என் அறியாமை. டயர் ஏறியதும் கலங்கி இரண்டு பக்கமும் தெறிப்பது சகதி. இதற்குக் கண்ணை மூடிக்கொண்டால் போதும். நாற்று நடத் தயாரான வயலைப் போலக் குழைந்து, முன்சக்கரத்தைத் தன் இஷ்டப்படி அழைத்துச் செல்வது தொளி. பிரேக்குக்கும் சட்டத்துக்கும் இடையே புல்லோடு சேர்ந்து அடைத்துக்கொண்டு, சக்கரத்தையே சுழல விடாமல் இறுக்கும் களி வர்க்கத்துக்கு அளறு என்று பெயரிட்டேன். அந்தச் சொல்லுக்கு நரகம் என்றும் பொருள் உண்டு என்பதை நம் முன்னோர் எந்தப் பந்தயத்தில் கண்டார்களோ அறியேன். இறுதியாகப் பங்கம். வடமொழியில் ஒரு பங்கத்துக்குச் சேறு என்று பொருள். இன்னொரு பங்கத்துக்குத் தோல்வி, குலைவு, அவமானம் என்று பொருள். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் உருவம் ஒன்றே. எழுத்துக் குறைவால் வந்த மயக்கம் என்று பண்டிதர்கள் இதைக் குறை கூறுவார்கள். முதல் பலகையருகே கூடியிருந்த ஜனங்களுக்கு முன்னால் இரண்டு பங்கமும் எனக்கு ஏககாலத்தில் சித்தித்தபோது, தமிழ் நெடுங்கணக்கின் தீர்க்கதரிசனத்தை வியந்தேன்.

நடந்தது இதுதான். பலகைக்குப் பத்து கஜம் இருக்கையில் வலக்கால் சாஸ்திரோக்தமாகச் சுழன்று வந்தது. கொக்கு நின்றது. செருப்பின் அடியில் உள்ள கொக்கி பெடலில் மாட்டிக்கொள்ளும். குதிகாலைத் திருகினால் கழன்றுவிடும். அன்று அதற்குள் சேறு புகுந்து இறுகியிருந்ததால் இடக்கால் கழலவில்லை. வலக்கால் தரையில் ஓட, இடக்கால் வாகனத்திலேயே வாசம் செய்ய, நான் பாதி பாதசாரியாகவும் பாதி சவாரிக்காரனாகவும் பலகையை அடைந்து, அதைத் தாண்டாமல் அதன் மேல் படுத்தேன். மணிகள் ஒருசேர ஒலித்தன. ஒரு சிறுமி மாத்திரம் தன் வறுவலில் ஒன்றை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொள்ள ஒரு கையும் காலியாக இல்லை.

இவ்விடத்தில் பூர்வபட்சம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலகை வந்தால் இறங்குவானேன், சைக்கிளோடு குதித்துத் தாண்டலாமே என்பார்கள். டானி டி பி என்னும் பெல்ஜியக்காரர் அப்படித் தாண்டிக் காட்டிப் புகழ் பெற்றவர்; 1989-இல் உலகப் பட்டமும் வென்றார். ஸ்வென் நைஸ் என்னும் வீரரும் அந்த வித்தையில் நிபுணர். வாகனம் வாகனமாகவே இருக்க வேண்டும் என்னும் கட்சியின் மூல புருஷர்கள் இவர்கள். இவர்களுடன் வாதாட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்தக் கட்சியைப் பராகாஷ்டைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் திருஷ்டாந்தம் இருக்கிறது. 2016-இல் ஸோல்டரில் நடந்த உலகப் போட்டியில், இளம் வீராங்கனை ஒருவருக்கென வைத்திருந்த மாற்றுச் சைக்கிளின் குழாய்க்குள்ளே ஒரு மோட்டார் ஒளிந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. சங்கம் அவருக்கு ஆறு வருஷத் தடை விதித்தது. மனிதன் சைக்கிளைச் சுமக்கலாம், அதற்கு மணியடிப்பார்கள். சைக்கிள் தானாக மனிதனைச் சுமக்க முற்பட்டால் அது குற்றம்.

கணக்குக்கு வருகிறேன். முதல்நாள் மாலை பாதையை நடந்து அளந்து, சுற்றுக்கு இருநூறு அடி சுமந்தால் போதும் என்று அனுமானித்திருந்தேன். முதல் சுற்றில் எண்ணிக்கொண்டே ஓடி அறுநூற்றுச் சொச்சத்தில் கணக்கை மறந்தேன். மூன்றாம் சுற்றில் மணல் திட்டு, மேடு, வளைவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நான் அதன் மேல் இருந்த நேரத்தைவிட அது என் மேல் இருந்த நேரமே அதிகம். முதல்வனாக வந்த பையன் என்னை இருமுறை தாண்டிச் சென்றான். இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்டான். அவன் ஆறு சுற்று, நான் நான்கு. நாற்பத்து மூவரில் நாற்பத்தோராவது இடம் எனக்கு என்று பலகையில் எழுதினார்கள். மற்ற இருவரும் பாதியில் வீட்டுக்குப் போய்விட்டவர்கள்.

வீட்டுக் குளியலறைத் தராசைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். புறப்படும்போது சைக்கிளின் எடை பத்து கிலோ, முடிவில் பதினான்கு. உண்டு கொழுப்பது சுமக்கப்படுகிறவனா, சுமக்கிறவனா என்று கேட்டால் பதில் சொல்ல உரையாசிரியர் யாரும் தேவையில்லை. ஆகவே என் சித்தாந்தம்: இவ்விளையாட்டில் வாகனம் மனிதன், சைக்கிள் என்பது மனிதனின் மேல் பவனி வரும் உற்சவ மூர்த்தி, சமதரையில் மாத்திரம் சிறிது கருணை காட்டுவது.

இதற்கு மேலும் ஆதாரம் கேட்பவர்களுக்காக அன்று மாலை நடந்ததைச் சொல்கிறேன். மைதானத்தின் ஓரத்தில் சைக்கிள்களைக் கழுவ நீர் பீய்ச்சும் குழாய் ஒன்று வைத்திருந்தார்கள். மனிதர்களைக் கழுவ ஒன்றும் இல்லை. தபால்காரர் என் சைக்கிளை நீராட்டி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் சாத்தி, தம் காரின் கூரைமேல் எழுந்தருளப் பண்ணினார். நான் கதவைத் திறக்கப் போனேன். அவருடைய மனைவி என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தார். பின் ஆசனத்துக்கு அந்த வாரம்தான் புது உறை போட்டதாக மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தார். கார் போயிற்று. ரயில் நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டர் என்று கைகாட்டியில் எழுதியிருந்தது.