மிக்சர் சம்படம் குறைவது எப்படி: அடக்கமின்மை பற்றிய ஓர் ஆய்வுரை

மனிதனால் தன்னை அடக்க முடிவதில்லை என்பதற்குச் சான்று தேடியவர்கள் இதுவரை பெரிய இடங்களிலேயே தேடியிருக்கிறார்கள். மகாபாரதம் யயாதியைக் காட்டுகிறது. மகன் பூருவின் இளமையை வாங்கிக்கொண்டு ஆயிரம் ஆண்டு அனுபவித்தும் ஆசை தீராத மன்னன் அவன். மணிமேகலை காயசண்டிகையைக் காட்டுகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியை மிதித்துக் கெடுத்ததால் முனிவரிடம் சாபம் வாங்கி, யானைத்தீ என்ற பசிநோயோடு புகார் நகரில் அலைந்தவள். இரண்டும் உயர்ந்த சான்றுகள்தாம். ஆனால் சாபம் பெற்றவர்களை வைத்துச் சாபம் பெறாதவர்களின் குணத்தை அளக்க முடியாது. எந்த முனிவரும் சபிக்காத, மத்தியானம் ரசம், மோர் வரை சாப்பிட்டு எழுந்த ஒருவர், மூன்றரை மணிக்குச் சமையலறைப் பக்கம் ஏன் போகிறார்? இந்த ஆய்வின் கேள்வி இவ்வளவுதான்.

ஆய்வுப் பொருளாக மிக்சரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தின்பண்டங்கள் இரு வகைப்படும்: எண்ணக்கூடியவை, எண்ண முடியாதவை. அதிரசமும் லட்டும் முதல் வகை. தீபாவளிக்கு எத்தனை அதிரசம் சுட்டோம், எதிர்வீட்டுக்கு எத்தனை போயிற்று, சம்பந்தி வீட்டுக்கு எத்தனை போயிற்று என்ற கணக்கு வீட்டம்மாவின் மனத்தில் இருக்கிறது. அங்கே ஒன்று குறைந்தால் அது ஒரு சம்பவம். அதற்கு நேரம் உண்டு, சந்தேகத்துக்குரியவர் உண்டு, விசாரணை உண்டு. மிக்சருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. ஓமப்பொடி, காராபூந்தி, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வறுத்த அவல், கறிவேப்பிலை, கடைக்காரர் மனம் வைத்தால் இரண்டு முந்திரி என்று கலந்து கிடக்கும் இந்தக் கூட்டத்தில் எதைக் கணக்கில் வைப்பது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் 1960களின் இறுதியில் தொடங்கிய புகழ்பெற்ற சோதனை இந்த இடத்தில்தான் இடறுகிறது. குழந்தையின் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, நான் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பொறுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்று ஒரு முடிவும் பரவியது. 2018இல் இன்னும் பெரிய எண்ணிக்கையில் செய்து பார்த்தபோது அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். நமது ஆட்சேபம் வேறு. மிட்டாய்க்குப் பதில் மிக்சரை வைத்திருந்தால் அந்தச் சோதனையைத் தொடங்கியிருக்கவே முடியாது. தட்டில் இருந்து ஒரு பொட்டுக்கடலையை எடுத்த குழந்தை சாப்பிட்டதாகக் கணக்கா, இல்லையா?

கிமு 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிலேட்டஸ் ஊர் யூபுலிடீஸ் பெயரால் ஒரு புதிர் வழங்குகிறது. தானியக் குவியலில் ஒரு மணியை எடுத்தாலும் அது குவியல்தான். இன்னொன்றை எடுத்தாலும் குவியல்தான். அப்படியானால் எந்த மணியை எடுக்கும்போது அது குவியலாக இல்லாமல் போகிறது? தத்துவவாதிகள் இதற்கு இன்னும் பதில் தேடுகிறார்கள். சம்படத்தில் கைவிட்டுக் கடலையாகப் பொறுக்கும் பையன் இந்தப் புதிரை ஏற்கெனவே தனக்குச் சாதகமாக முடித்துவைத்துவிட்டான். அவன் எடுத்த ஒவ்வொரு பிடியையும் தனித்தனியே கூண்டில் ஏற்றினால், ஒவ்வொன்றும் குற்றமற்றது என்று விடுதலையாகும். சம்படம் மட்டும் காலியாக இருக்கும். அடக்கமின்மையின் இயல்பு இதுவே என்பது நமது துணிபு. அது நடக்கும் நேரம் என்று ஒன்று இல்லை. நடந்து முடிந்த பிறகுதான் தெரிகிறது.

நாக்கும் இதற்கு உடந்தை. ஒரே உணவைத் திரும்பத் திரும்பத் தின்றால் அதன்மேல் விருப்பம் குறையும், வேறொன்று வந்தால் விருப்பம் மீண்டும் எழும் என்று பார்பரா ரோல்ஸ் முதலானோர் 1980களில் காட்டினார்கள். கல்யாணப் பந்தியில் எழுந்திருக்க முடியாமல் இருப்பவர் பாயசத்தைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு இது செய்தியல்ல. மிக்சரின் சூழ்ச்சி என்னவென்றால், அதில் ஒவ்வொரு பிடியும் வேறொரு உணவு. முதல் பிடியில் கடலை தூக்கல், அடுத்ததில் பூந்தி, அதற்கடுத்ததில் எதிர்பாராமல் ஒரு முந்திரி. சலிப்பு வந்து உட்கார இடமே இல்லை. வயிறு நிறைந்த செய்தி மூளையைச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் எத்தனையோ நடந்துவிடுகிறது.

இனி இயற்பியல். இந்தப் பகுதி இதுவரை எந்த ஆய்வாளராலும் உரிய முறையில் தொடப்படவில்லை என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் லைப்சிக் நகரில் ஆட்களை எடை தூக்கவைத்துப் பார்த்த ஏர்ன்ஸ்ட் வேபர் ஒன்று கண்டார். ஒரு மாற்றம் நமக்குத் தெரிய வேண்டுமானால், ஏற்கெனவே இருப்பதில் ஒரு குறிப்பிட்ட பங்காவது அது இருக்க வேண்டும். ஆகவே முழுச் சம்படத்தில் போன ஒரு பிடி யார் கண்ணிலும் படாது. கால் சம்படத்தில் போன அதே பிடி பளிச்சென்று தெரியும். இந்த விதியை நம் வீட்டார் படிக்காமலே அறிவார்கள். அதனால்தான் சம்படம் பாதியைத் தொட்டதும் தடயத்தை மறைக்கும் வேலை தொடங்குகிறது. அதற்கு எல்லா வீட்டிலும் ஒரே வழிதான்: இரண்டு குலுக்கு குலுக்கி மேல்பரப்பைச் சமன் செய்வது.

இங்கேதான் இயற்கை வேறு கணக்கு வைத்திருக்கிறது. பலவகைக் கொட்டைகள் கலந்த டப்பாவில் பெரிய பிரேசில் கொட்டைகள் ஏன் எப்போதும் மேலே வந்து நிற்கின்றன என்பதை விளக்கி 1987இல் ரொசாட்டோவும் மூவரும் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் எழுதினார்கள். குலுக்கும்போது பெரியவற்றின் அடியில் உண்டாகும் இடைவெளிகளில் சிறியவை நழுவி இறங்கிவிடுகின்றன. பெரியவை மெல்ல மேலேறுகின்றன. நம் சம்படத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஒருவர் தின்கிறார். மறைக்கக் குலுக்குகிறார். ஓமப்பொடித் தூள் அடியில் இறங்க, வேர்க்கடலையும் முந்திரியும் மேலே வருகின்றன. அடுத்து மூடியைத் திறப்பவர் கண்ணில் சம்படம் முன்பைவிட அழகாகத் தெரிகிறது. அவரும் தின்கிறார், அவரும் குலுக்குகிறார். குற்றத்தை மறைக்கும் செயலே அடுத்த குற்றத்துக்கு அழைப்பிதழ் அச்சடிக்கிறது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கொருவர் தெரியாமல் இவ்வளவு ஒத்துழைப்பு வேறு எந்த வேலையிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

மனிதர்களை வகைப்படுத்துவதில் அரிஸ்டாட்டிலை விஞ்ச ஆளில்லை. ‘நிகோமாக்கியன் அறவியல்’ நூலின் ஏழாம் பகுதியில் அவர் செய்த பாகுபாட்டைக் கூட்டுக்குடும்பம் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். ஆசையே எழாமல் இருக்கும் நிதானி முதல் வகை. நமது களத்தில் தாத்தா ஒருவரே இதில் சேர்ந்தார். ஆனால் அவருக்குப் பல் இல்லாததால் அந்தத் தரவு நிராகரிக்கப்பட்டது. ஆசை இருந்தும் தாங்கிக்கொள்பவர் இரண்டாம் வகை. சம்படத்தைக் கடக்கும்போது சுவர்க் காலண்டரில் ராகு காலம் பார்த்துக்கொண்டே போகும் சித்தி இவ்வகை. கடைசி வகையைச் சேர்ந்தவர் பெரியப்பா. தட்டில் கொட்டிக்கொண்டு, நாளிதழை விரித்து, எல்லோரும் பார்க்கத் தின்பவர். அவருக்கு வருத்தம் கிடையாது; அதுவே அவர் கொள்கை. வருந்தாதவனுக்கு மருந்தில்லை என்று அரிஸ்டாட்டில் இவரை அன்றே கைகழுவிவிட்டார்.

மீதமுள்ள அனைவரும் மூன்றாம் வகை. தவறென்று தெரியும், தின்பார்கள், பிறகு வருந்துவார்கள். இவர்களையும் அரிஸ்டாட்டில் இரண்டாகப் பிரிக்கிறார்: யோசிக்காமல் பாய்பவர்கள், யோசித்துவிட்டுத் தோற்பவர்கள். இரண்டாமவர்களைச் சம்படத்தின் முன் அடிக்கடி காணலாம். தின்னலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே தின்பார்கள். நல்ல சட்டங்களையெல்லாம் இயற்றிவைத்துவிட்டு ஒன்றையும் நடைமுறைப்படுத்தாத நகரத்துக்கு இவர்களை ஒப்பிடுகிறார் அவர். இவர்களின் அறிவு, குடித்தவர்கள் எம்பெடோக்ளீஸ் கவிதையை ஒப்பிப்பது போன்றது என்றும் சொல்கிறார். முன்பு உண்டது செரித்த பிறகே உண்ணச் சொல்லும் ‘மருந்து’ அதிகாரத்தைத் தம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே காராபூந்தி மெல்லும் தந்தையரை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்திருந்தால் எம்பெடோக்ளீஸை விட்டுவிட்டிருப்பார்.

பிடிபட்டவர்களின் வாக்குமூலங்களும் திரட்டப்பட்டன. “சும்மா ரெண்டு வாயில போட்டேன்” என்பது பரவலானது. ஆனால் ஆய்வுமதிப்பு இல்லாதது. “நமத்துப்போச்சான்னு பாத்தேன்” என்பது மேம்பட்டது. அதில் பரிசோதகரின் பொறுப்பு தெரிகிறது. எல்லாவற்றிலும் உயர்ந்தது, “நமத்துப்போயிடும்னு சாப்பிட்டேன்” என்பது. ஆசை முழுவதும் கடமையாக உருமாறி நிற்கும் நிலை இது. அறவியலில் இதற்கு மேல் படி கிடையாது.

மிக்சர் தின்பவர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒரு பொதுக்கருத்து நிலவுகிறது. 1994இல் வந்த ‘நாட்டாமை’ படத்து நகைச்சுவைக் காட்சி ஒன்றுக்குப் பிறகு, ஊரில் எது நடந்தாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பவரை ‘மிக்சர் சாப்பிடுகிறார்’ என்பது வழக்கமாயிற்று. இந்த ஆய்வு அதை மறுக்கிறது. வெளியே சும்மா இருப்பவராகத் தெரியும் அவர், உள்ளே ஒவ்வொரு பிடிக்கும் ஒரு போரை நடத்தித் தோற்றுக்கொண்டிருக்கிறார். மேலும், ‘அடக்கமுடைமை’ அதிகாரத்தில் வள்ளுவர் எதைக் காக்காவிட்டாலும் நாவைக் காக்கச் சொல்கிறார். வாய் நிறைய மிக்சர் வைத்திருப்பவரால் பிறரைப் பழித்து ஒரு சொல் சொல்ல முடியாது. ஆகவே 127ஆம் குறளின்படி அவர் அடக்கமுடையவரே. உரையாசிரியர்கள் இந்தக் கோணத்தைக் கவனிக்காமல் விட்டது ஏன் என்று விளங்கவில்லை.

தடுப்பு முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் எதுவும் பலிக்கவில்லை. கடலில் கேட்கும் மயக்கும் பாட்டுக்கு இரையாகாமல் இருக்க ஓடிஸியஸ் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்லி, மாலுமிகளின் காதை மெழுகால் அடைத்தான். நாம் சம்படத்தை அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறோம். அவனுடைய மாலுமிகளுக்குப் பாட்டுக் கேட்கவில்லை. நம் வீட்டில் மேலே எடுத்து வைத்தவருக்கும் மிக்சர் பிடிக்கும், ஸ்டூல் இருக்கும் இடமும் தெரியும். எவர்சில்வர் சம்படமாவது திறக்கும்போது ‘டக்’கென்று காட்டிக்கொடுத்தது. இப்போது வந்திருக்கும் திருகு மூடி பிளாஸ்டிக் ஜாடி சத்தமே போடுவதில்லை. போதாததற்கு உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறது. மிட்டாய் கண்ணுக்குத் தெரியாதபோது குழந்தைகள் அதிக நேரம் பொறுத்தார்கள் என்பது மிஷெல் கண்ட இன்னொரு முடிவு. ஊமையும் ஒளிவுமறைவற்றதுமான இந்த ஜாடியைச் சமையலறைக்குள் விட்டவர்கள் அதைப் படித்திருக்க வேண்டும்.

எனினும், எல்லா வீட்டிலும் ஒரு கட்டத்தில் அடக்கம் தானாகவே தோன்றுகிறது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். அடியில் கடைசி ஒரு கரண்டி மிஞ்சும்போது அது நிகழ்கிறது. அதுவரை போட்டி போட்டவர்கள் அத்தனை பேரும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிறார்கள். பெரியப்பாகூடத் தட்டை எடுப்பதில்லை. காரணம், யார் காலி செய்கிறாரோ அவர்தான் சம்படத்தைக் கழுவி வைக்க வேண்டும். இப்படியே சில நாள் போகும். பிறகு கடையிலிருந்து புதுப் பாக்கெட் வரும். அதைப் பழைய தூளின் மேலேயே கொட்டிவிடுவார்கள். இதனால் அடியில் கிடக்கும் தூள் எந்தத் தீபாவளியைச் சேர்ந்தது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடிவதில்லை. முறையான அகழாய்வுக்கு அனுமதி கேட்கப்பட்டிருக்கிறது. தோண்டிய பிறகு சம்படத்தை நீங்களே கழுவித் தர வேண்டும் என்று வீட்டம்மா நிபந்தனை விதித்திருப்பதால் பணி தொடங்கவில்லை.