தாம்பரத்துக்கு அப்பால்: முதல் வீட்டின் விலையும் தூரமும் குறித்த ஓர் ஆராய்ச்சி

சென்னையில் முதல் வீடு எனப்படுவது, ஒரு குடும்பம் தன் சம்பளச் சீட்டை வங்கியில் நீட்ட, வங்கி தரச் சம்மதிக்கும் தொகைக்கு மின்சார ரயிலில் எந்த ஸ்டேஷன் வரை போக முடியுமோ, அந்த ஸ்டேஷனில் வாங்கப்படும் வீடு. பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே கடைசி வீடாகவும் அமைவது உண்டு. வாங்குமுன் எடைபோட வேண்டியவை இரண்டு: கையைக் கடிக்காத விலை, காலைக் கடிக்காத இடம். இரண்டும் ஒரே மனையில் சேர்ந்து கிடைத்தால் அந்த மனைக்கு வில்லங்கச் சான்று இரண்டு தரம் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் ஒருமித்த கருத்து.

இத்துறையின் மூல நூல் ஜெர்மானியப் பண்ணையார் யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் தூனன் 1826-இல் வெளியிட்ட ‘தனித்த அரசு’. நடுவே ஒரே ஒரு நகரம், சுற்றிலும் சமவெளி என்று அவர் கற்பனை செய்துகொண்டு, எந்த விளைபொருளை எவ்வளவு தூரத்தில் விளைவித்தால் கட்டுப்படியாகும் என்று வட்டம் வட்டமாக வரைந்தார். சீக்கிரம் கெட்டுப்போகும் பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டிய வட்டத்தில், அடுத்து விறகு, அப்புறம் தானியம், கடைசி வட்டத்தில் கால்நடை. கால்நடை சந்தைக்குத் தன் காலாலேயே நடந்து வந்துவிடும், வண்டிச் சத்தம் மிச்சம் என்பதுதான் காரணம். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை நோக்கி வரும் காலை ரயிலில் நின்றுகொண்டே வருகிறவர்கள் இந்தக் கடைசி வட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1964-இல் அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ இதே தர்க்கத்தை வீட்டு மனைக்குப் பொருத்தினார்: நகர மையத்தை விட்டு விலக விலகப் பயணச் செலவு ஏறும், அந்த அளவுக்கு நிலத்துக்குக் கொடுக்க மனம் வரும் விலை இறங்கும். ஜி.எஸ்.டி. சாலைத் தரகர்கள் இவ்விருவரையும் படிக்காமலே, “ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போனீங்கன்னா ஸ்கொயர் ஃபீட்டுக்கு நல்லாவே குறையும் சார்” என்று அதே தேற்றத்தை ஒரு வாக்கியத்தில் நிறுவிவிடுகிறார்கள்.

சென்னையில் இந்தத் தேற்றத்தைச் சோதிக்க ஒரு நேர்கோடே போட்டுவைக்கப்பட்டிருக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். தாம்பரத்துக்கு அப்பால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில், பரனூர், செங்கல்பட்டு என்று கோடு நீள்கிறது. ஆராய்ச்சியாளருக்கு இது ஸ்டேஷன் பட்டியல். வாங்குகிறவருக்கு இது விலைப்பட்டியல். மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்து, மூச்சு சீராகும் இடத்தில் நிறுத்திக்கொள்கிறார். மேற்கே ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் என்றும், வடக்கே மீஞ்சூர், பொன்னேரி என்றும் இதேபோன்ற பட்டியல்கள் உண்டு.

தூரத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று அரசு வழி. சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் வந்த அரசாணை அதை 5,904 ஆக்கியது. ஓர் அங்குலமும் நகராத பல கிராமங்கள் அன்றைக்குச் சென்னைக்குள் வந்து சேர்ந்தன. மற்றது விளம்பர வழி. இதில் ஊர்ப்பெயர் இழுபடுகிறது. தாம்பரம் என்றால் படப்பை வரையிலும், ஓ.எம்.ஆர். என்றால் திருப்போரூருக்கு அப்பாலும் போய்ப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். ‘தாம்பரம் மிக அருகில்’ என்றால் தாம்பரத்திலிருந்து பஸ் உண்டு என்று கொள்க. ‘வளர்ந்து வரும் பகுதி’ என்றால் இன்னும் பஸ் வரவில்லை என்று கொள்க.

விளம்பரங்களில் தூரம் கிலோமீட்டரில் தரப்படுவதில்லை. அங்கே வழங்கும் அலகு ‘ஐந்து நிமிடம்’. பள்ளிக்கூடம் ஐந்து நிமிடம், மருத்துவமனை ஐந்து நிமிடம், வரவிருக்கும் மெட்ரோ ஐந்து நிமிடம். இந்த நிமிடம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், லெவல் கிராசிங் கேட் திறந்திருக்கும்போது, விற்பவருடைய காரில் அளக்கப்படுவது. திங்கட்கிழமைக் காலையில் வாங்கியவருடைய டூவீலரில் அளந்தால் வேறு எண் வரும். பிரசுரத்தில் உள்ள வரைபடமும் தனி வகை. அதன் நடுவில் மனைப்பிரிவு சிவப்பு நட்சத்திரமாக ஒளிரும். விமான நிலையம், ஒரகடம், சிறுசேரி, ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் அதைச் சுற்றிச் சம தூரத்தில் அடக்கமாக நிற்கும்.

களப்பணிக்கு ‘சைட் விசிட்’ என்று பெயர். வேன் இலவசம், மதியச் சாப்பாடும் இலவசம். ஆர்ச் கட்டிய நுழைவாயில், சரளை போட்ட அகலமான சாலை, வண்ணத்துணிக் கொடிகள், எண் எழுதிய எல்லைக் கற்கள், இரண்டு மூன்று பனைமரங்கள், தூரத்தில் ஓர் ஏரி. குடும்பத்தலைவர் கல்லுக்குக் கல் நடந்து பார்க்கிறார். அடி கணக்குத் தெரிந்த மாமனார் செருப்பால் அளக்கிறார். மாமியார் வாசல் கிழக்கா என்று கேட்கிறார். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, வெறும் நிலமாக இருக்கும்போது மிகச் சிறியதாகத் தெரியும் என்பதால், “வீடு எழும்பினா பெருசா தெரியும் சார்” என்று பிரதிநிதி ஆறுதல் சொல்கிறார். தண்ணீர் எப்படி என்ற கேள்விக்கு அவர் ஏரியைக் காட்டுகிறார். மழைக்காலத்தில் எப்படி என்று கேட்டால் பேச்சு சி.எம்.டி.ஏ. அப்ரூவலுக்குத் திரும்பிவிடும். திரும்பும் வழியில், பிரசுரத்தின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு கணக்குப் போடப்படுகிறது. இந்த ஆராய்ச்சிக்கு முதன்மைச் சான்று அந்தக் கணக்கே.

அந்தக் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்க்கலாம். கிட்டத்தில் உள்ள வீட்டுக்கு 45 லட்சம் கடன், எட்டத்தில் உள்ள வீட்டுக்கு 30 லட்சம் கடன் என்று வைத்துக்கொண்டால், 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை முறையே சுமார் 39,050 ரூபாயும் 26,035 ரூபாயும். வித்தியாசம் மாதம் 13,000. பேனா இங்கே மூடிவைக்கப்படுகிறது. மூடாமல் தொடர்ந்தால்: எட்டத்து வீட்டிலிருந்து வேலைக்குப் போக ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் கூடுதல், நாளுக்கு ஒன்றரை மணி, 25 வேலை நாளுக்கு 37.5 மணி. ஆகவே எட்டத்து வீடு தன் உரிமையாளருக்கு, ரயிலில் நிற்பதற்காக மணிக்கு ஏறத்தாழ 347 ரூபாய் கூலி கொடுக்கிறது. கூலி மோசமில்லை. ஆனால் மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால் அதே 13,000 ரூபாயை இரண்டு பேர் பங்கிட வேண்டும். கூலி 173 ரூபாயாக இறங்குகிறது. ஷேர் ஆட்டோ, ஸ்டேஷனில் வண்டி நிறுத்தும் காசு, கடைசி நிமிடத்தில் பிடிக்கிற ஆட்டோ ஆகியவற்றைக் கழித்தால் இன்னும் இறங்கும். இருபது ஆண்டுக்கு ஒருவருக்கு 9,000 மணி நேரம், அதாவது இரவுபகலாக 375 நாள்; தம்பதிக்குச் சேர்த்து இரண்டு ஆண்டுக்கு மேல். தவணை இருபது ஆண்டில் முடிந்துவிடும். ரயில் ஓய்வு பெறும்வரை உண்டு. டியூஷன் முடிந்த பிள்ளையை இருட்டில் யார் போய்க் கூட்டிவருவது என்ற கணக்கு எந்தப் பிரசுரத்தின் பின்பக்கத்திலும் போடப்பட்டதாகத் தெரியவில்லை.

பழங்காலம் தொட்டு மனிதன் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமே பயணத்துக்கு ஒதுக்கிவருகிறான் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். பெருங்களத்தூர் நெரிசலை அவர் கணக்கில் சேர்த்திருக்க வாய்ப்பில்லை. தூரம் போனால் வீடு மலிவாகவோ சம்பளம் கூடுதலாகவோ கிடைக்கும், மொத்தத்தில் மனநிறைவு சமமாகிவிடும் என்பது பொருளியலின் எதிர்பார்ப்பு. ஸ்டுட்ஸர், ஃப்ரை என்ற ஸ்விட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் ஜெர்மனியின் தரவுகளைப் பார்த்து 2008-இல் எழுதிய கட்டுரையில், பயண நேரம் கூடக் கூட வாழ்க்கை நிறைவு குறைகிறது, ஈடு எதுவும் ஆகவில்லை என்று கண்டார்கள். அவர்கள் அதைப் புதிர் என்றார்கள். கூடுவாஞ்சேரியில் அதற்குப் “போகப் போகப் பழகிடும்” என்று பதில் இருக்கிறது.

பணத்துக்கும் ஒரு மறைவான பக்கம் உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரையும் வங்கி தரலாம். ஆகவே 30 லட்சத்தைத் தாண்டினால் தவணை மட்டுமின்றி, கையிலிருந்து போட வேண்டிய பணமும் குதிக்கிறது. எட்டத்து வீடு இந்த எல்லைக்குள் அடங்குவது தற்செயல் என்று நினைக்க வேண்டியதில்லை. மனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனி. இதற்குப் பீரோவில் உள்ள நகை வெளியே வருகிறது.

தூரம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு தூரங்கள் அடங்கியிருப்பதை முந்தைய அறிஞர்கள் கவனிக்கவில்லை: ஊரிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு. முதல் தூரத்துக்கு சீசன் டிக்கெட் உண்டு. இரண்டாவதற்கு இல்லை. ரயில் பிரச்சினை தண்டவாளத்தோடு முடிந்துவிடும். அதன்பின் தெருவிளக்கு இல்லாத நாலு கிலோமீட்டர், நாய்கள், ஆள் நிரம்பினால்தான் எடுப்பேன் என்னும் ஷேர் ஆட்டோ. விலை குறையும் வேகமும் இந்த இரண்டாவது தூரத்தில்தான் அதிகம் என்பதால் குடும்பங்கள் வழுக்கி விழுவதும் இங்கேதான்.

மூன்றாவது தூரம் ஒன்றும் உண்டு: தண்ணீரிலிருந்து வீடு. மனைகள் விற்பனைக்கு வருவது கோடையில். மனையின் உண்மை உருவம் தெரிவது ஐப்பசி, கார்த்திகையில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றோடு தங்களுக்கு உள்ள உறவை அறிந்துகொண்டன. இந்தக் குறை புதியதன்று. தியாகராய நகரே 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து உருவாக்கிய புறநகர். இன்று அங்கே ஒரு கிரவுண்டு வாங்க எண்ணுபவரை யாரும் ஏரியைப் பற்றி எச்சரிப்பதில்லை, விலையே எச்சரித்துவிடுகிறது.

இவ்விடத்தில் எட்டத்து வீட்டின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். வீடு நகராது; ஊர் நகரும். கோயம்பேட்டிலிருந்து தென்மாவட்டங்களுக்குப் போன வெளியூர் பேருந்துகளுக்காக 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஊருக்குப் போகப் பெட்டி தூக்கிக்கொண்டு நகரம் முழுவதும் கடந்த ஊரப்பாக்கத்துக்காரர், ஒரு காசு செலவில்லாமல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆனார். கோயம்பேட்டில் அதற்கென்றே வீடு வாங்கியவர் இப்போது ஊரப்பாக்கத்தைத் தேடி வருகிறார். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்கள் அறிவிப்பில் வரும் வேகத்தில் நிலத்தில் வருவதில்லை. அறிவிப்புக்கே விலை ஏறிவிடுவதால், ‘வரவிருக்கும்’ என்ற அடைமொழிக்கு வாங்குபவர் முன்பணம் கட்டிவிடுகிறார்.

இத்தனை எடைகளும் உண்மையில் தராசில் ஏறுகின்றனவா என்றால், இல்லை. முடிவு முதலில் வருகிறது. கடன் தகுதி இவ்வளவு என்று வங்கியின் குறுஞ்செய்தி வந்த நொடியில் ஸ்டேஷன் தீர்மானமாகிவிடுகிறது; காரணங்கள் பின்னால் திரட்டப்படுகின்றன. காற்று நன்றாக இருக்கிறது, நிலத்தடி நீர் இனிக்கிறது, வாடகைக்குக் கொடுக்கிற காசைத் தவணையாகக் கட்டலாம், பெரியப்பா மகன் நங்கநல்லூரில் வாங்கியபோதும் காடு என்றுதான் சொன்னார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த உறவினர்கள் சாப்பிட்டுவிட்டு “வீடு அம்சமா இருக்கு” என்று சொல்லி, இருட்டுவதற்குள் கிளம்ப அவசரப்படுகிறார்கள். ஓராண்டுக்குள் வாங்கியவரே அந்தப் பகுதியின் பிரசாரகர் ஆகிவிடுகிறார். பக்கத்து மனை என்ன விலைக்குப் போயிற்று என்பதைக் கேட்காமலே சொல்கிறார். விற்பதாக இல்லை, விற்றால் கிட்டே வாங்க அந்தப் பணம் போதாது, ஏனென்றால் அங்கேயும் ஏறியிருக்கிறது.

இந்த ஆராய்ச்சியின் தீர்ப்பு இது: ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள மறைமலைநகர் வீடு, ஸ்டேஷனிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ‘தாம்பரம் மிக அருகில்’ வீட்டைவிட மேல். இரண்டும் கட்டுப்படியாகாவிட்டால் வாடகை வீட்டில் இன்னும் இரண்டு ஆண்டு இருப்பதில் இழுக்கு எதுவும் இல்லை. எந்த மனையையும் கார்த்திகை மாதத்தில், வேலை நாளில், இரவு எட்டரை மணிக்கு, தரகர் துணையின்றி ஷேர் ஆட்டோவில் போய் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகே டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.