சுண்டைக்காய் கால் பணம்

மருமவனே, நீ ஆல்ட்டோவைத் தண்ணியில ஓட்டப் போறதா உங்கம்மா வந்து சொன்னா. சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. நான்தான் தேத்தினேன். "பையன் சீட்டாடலை, வட்டிக்கு வாங்கலை. ஷெட்டுக்குள்ள உக்காந்து பாட்டில்ல கரண்டு விடுறான், அவ்வளவுதானே தாயி"ன்னேன். பாட்டில்னதும் மறுபடி அழ ஆரம்பிச்சுட்டா.

தடுக்கிற ஆள் நான் இல்ல. செய்யுறதுன்னு இறங்கிட்டா திருத்தமாச் செய்யணும். அதுக்குத்தான் இந்த நாலு வார்த்தை.

முதல்ல பாட்டில் தண்ணிக்குள்ள போடுற தகட்டைக் கவனி. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டை வெட்டிப் போடாதே. 316 எல் ரகம்னு கேட்டு வாங்கு. தண்ணியில என்ன கலக்கப் போறேன்னு அடுத்து யோசி. சாப்பாட்டு உப்பைப் போட்டா ஹைட்ரஜனோட குளோரினும் கிளம்பும், தொண்டை எரியும். ஆப்ப சோடா போட்டா தகடு அரிச்சு அடியில பழுப்பாக் கசடு இறங்கும். அதைத் துருன்னு நினைச்சு முருங்கை மரத்தடியில ஊத்தினேன்னா உன்னை நான் சும்மா விட மாட்டேன். அதுல நஞ்சான குரோமியம் இருக்கும். ராணிப்பேட்டைப் பக்கம் மலையாக் கிடக்குற குரோமியக் கழிவால எத்தனை கிணறு வீணாப்போச்சுன்னு அங்கே ஒருத்தரைக் கேட்டுப் பாரு. விவரம் தெரிஞ்சவங்க பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போடுறாங்க. அது விரல்ல பட்டா வழுவழுன்னு இருக்கும். சுகமா இருக்கேன்னு தேய்ச்சுக்கிட்டே இருக்காதே. உன் தோல்ல இருக்கிற கொழுப்பைத்தான் அது சோப்பா மாத்திக்கிட்டிருக்கும்.

அப்புறம், கரண்டு தண்ணியைப் பிரிச்சு இன்ஜினுக்கு அனுப்புற அந்த வாயு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெடிக்கிறதுக்குத் தோதான அளவுலயே கலந்து வருது, ரெண்டுக்கு ஒண்ணு. அதைப் பத்தவைக்கத் தீக்குச்சி தேவையில்ல, நைலான் சட்டையைக் கழட்டும்போது தட்டுற பொறியே போதும். சிவகாசிக்காரனுக்கு இதை விளக்க வேண்டாம், உனக்கு விளக்கணும். பாட்டிலுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இன்னொரு தண்ணிப் பாட்டில் வச்சு, வாயு அதுக்குள்ள முங்கி வெளிய வர்ற மாதிரி குழாயைப் போடு. இன்ஜின் நின்னா கரண்டும் நிக்கிற மாதிரி ரிலே வை. ஃப்யூஸ் வை. இவ்வளவும் வச்சபிறகும் பானெட்டுக்கு மேல குனிஞ்சு பீடி பத்தவைக்கிற சிநேகிதனைப் பக்கத்துல வச்சுக்காதே.

இனி கணக்கு. நீ பிளஸ் டூல கணக்குல எடுத்த மார்க்கு எனக்குத் தெரியும், அதனால நானே போட்டுட்டேன்.

ஃபாரடேன்னு ஒரு வெள்ளைக்காரர் 1834-லயே எழுதி வச்சுட்டார்: இவ்வளவு கரண்டு இவ்வளவு நேரம் போனா இவ்வளவு வாயுதான் வரும். பாட்டிலுக்குப் பூசை போட்டாலும் கூட வராது. நீ ஆறு அறை வச்சு 20 ஆம்பியர் விடுறேன்னு வையி. மணிக்கு 50 லிட்டர் ஹைட்ரஜன், 25 லிட்டர் ஆக்சிஜன். அடேங்கப்பா, 75 லிட்டரான்னு வாயைப் பிளக்காதே, வாயு அப்படித்தான் ஊதிக் காட்டும். தராசுல வச்சா அந்த 50 லிட்டர் ஹைட்ரஜன் நாலரை கிராம்கூட வராது. உன் 800 சிசி இன்ஜின் நிமிஷத்துக்கு 2500 சுத்து சுத்தும்போது, ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கினா ஆயிரம் லிட்டர் காத்தை இழுக்கும். மெதுவா மிதிச்சா குறையும், அப்பவும் நூத்துக்கணக்குலதான். அந்த ஒரு நிமிஷத்துல உன் பாட்டில் போடுற பங்கு ஒண்ணேகால் லிட்டர்.

அந்த ஒண்ணேகால் லிட்டராவது சும்மா வருதா? 20 ஆம்பியருக்கு பேட்டரிப் பக்கம் 275 வாட் போகுது. அதைக் குடுக்குற ஆல்டர்னேட்டர் பெல்ட்டுலேருந்து ஏறக்குறைய 500 வாட் பிடுங்கும். மிச்சம் அதோட சூட்டுலயே போயிரும். அந்த 500-ஐ இன்ஜின் குடுக்கணும்னா அதைப்போல மூணு மடங்குக்கு மேல பெட்ரோல் எரிச்சாகணும், 1700, 1800 வாட்னு வச்சுக்கோ. இத்தனையும் செஞ்சு வர்ற ஹைட்ரஜன்ல இருக்கிற சக்தி எவ்வளவு? 150 வாட். பத்து ரூபாய்க்கு மேல பெட்ரோலை எரிச்சு ஒரு ரூபாய் ஹைட்ரஜன் வாங்குற. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொன்னவங்க இவ்வளவு மோசமான சுண்டைக்காயைப் பார்த்ததில்ல.

நீ சொல்லப்போற பதிலும் எனக்குத் தெரியும். "மாமா, ஹைட்ரஜனோட சக்தி கணக்கில்ல. பெட்ரோலை அது முழுசா எரிய வைக்குது. அதுலதான் மிச்சம்." நல்ல பதில்தான். ஆனா இப்பத்த இன்ஜின் நூறு பங்கு பெட்ரோல்ல 97, 98 பங்கை ஏற்கெனவே எரிச்சுருது. எரியாம தப்பிக்கிறது ரெண்டு மூணு பங்கு. அதை முழுசாப் பிடிச்சாலும் அந்த ரெண்டு மூணுதான் கிடைக்கும், நீ எதிர்பார்க்கிற முப்பது கிடைக்காது. வீணாப்போறது எரியாத பெட்ரோல் இல்ல, எரிஞ்ச சூடு. ரேடியேட்டர் வழியும் சைலன்சர் வழியும் அது போயிட்டே இருக்கு. உன் பாட்டில் அதுக்கு என்ன பண்ணும்?

நாசா பேரைச் சொல்லுவ. 1977-ல அவங்க பெட்ரோலோட ஹைட்ரஜன் கலந்து இன்ஜின் ஓட்டிப் பார்த்தது நெசம். ஹைட்ரஜன் இருந்தா பெட்ரோலைக் குறைச்சுக் காத்தைக் கூட்டினாலும் இன்ஜின் அணையாம ஓடும்ங்கிறதும் நெசம். ஆனா அவங்க அந்த வண்டியோட ஆல்டர்னேட்டர்லேருந்தே ஹைட்ரஜன் காய்ச்சிக்கலை. இந்த இடம் வந்ததும் உன் கூட்டாளிங்க அடுத்த பக்கத்தைப் புரட்டிருவாங்க.

இதுல ஒரு கள்ளத்தனமும் உண்டு. பாட்டிலை மாட்டினதும் மைலேஜ் கூடலைன்னா, புகைக்குழாய்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சார்தான் கெடுக்குதுன்னு ஒரு சின்ன டப்பாவை உன் தலையில கட்டுவாங்க. அது சென்சாருக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் நடுவுல உக்காந்து பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். அப்ப மைலேஜ் கொஞ்சம் கூடினாலும் கூடலாம். கூட்டினது டப்பா, பேரு பாட்டிலுக்கு. வால்வு கருகினா அதுக்கு எவன் பேரையும் வைக்க மாட்டாங்க, மெக்கானிக் பில்லுல உன் பேருதான் இருக்கும். புகையில நைட்ரஜன் ஆக்சைடு கூடுறது தனிக்கதை.

இது நம்ம ஊரு கிறுக்கு மட்டும் இல்ல, அதனால கூச்சப்படாதே. 2008-ல அமெரிக்காவுல பெட்ரோல் கேலன் நாலு டாலரைத் தாண்டினப்ப, அங்கே வீட்டுக்கு வீடு கார் நிறுத்துற கொட்டகையில ஜாம் பாட்டில் கொதிச்சுது. பாட்டில் செஞ்சவன் சம்பாதிக்கலை, செய்யுறது எப்படின்னு புஸ்தகம் போட்டவன் சம்பாதிச்சான். மைலேஜ் ஒண்ணரை மடங்குன்னு சொல்லி வித்தவங்க மேல 2009-ல அந்த நாட்டு வணிகக் கமிஷன் கோர்ட்டுக்கே போச்சு. அதுக்கும் முன்னாடி ஒஹையோ மாநிலத்துல ஸ்டான்லி மேயர்னு ஒருத்தர் இருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ்லேருந்து நியூயார்க்குக்கு 22 கேலன் தண்ணியில போயிரலாம்னார். கேலனுக்கு மூணே முக்கால் லிட்டர், நீயே பெருக்கிக்கோ. பணம் போட்ட ரெண்டு பேரு 1996-ல கோர்ட்டுக்குப் போனாங்க. நிபுணருங்க பாத்துட்டு, இது எல்லாரும் செய்யுற சாதாரண மின்பகுப்புதான்னுட்டாங்க. மோசடின்னு தீர்ப்பு, 25,000 டாலரைத் திருப்பிக் குடுன்னு உத்தரவு. 1998-ல மனுஷன் ஓட்டல்ல சாப்பிட்டுக்கிட்டிருந்தப்ப சரிஞ்சு இறந்துபோனார். மூளையில ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சதுன்னு டாக்டருங்க எழுதினாங்க. விஷம் வச்சுட்டாங்கன்னு நம்புறவங்க இன்னைக்கும் இருக்காங்க. தண்ணியில ஓடாத கார் அந்தக் கதையில மட்டும் நிக்காம ஓடுது.

அதே 1996-ல நம்ம ராஜபாளையம் பக்கத்துல மூலிகை பெட்ரோல்னு கிளம்பினதை நான் பாத்தவன். பச்சிலையைப் போட்டுத் தண்ணியைக் காய்ச்சினா பெட்ரோல்னு சொன்னதும் டெல்லி வரைக்கும் ஆடிப்போச்சு. டீக்கடையில எங்க கவலையெல்லாம், இலை பறிக்க வெளிநாட்டுக்காரன் வந்தா கூலி எவ்வளவு கேக்கலாம்ங்கிறதுதான். சோதனைக்கூடத்துக்குப் போன பச்சிலை அங்கயே வாடிப்போச்சு.

"எண்ணெய்க் கம்பெனிக்காரன் அமுக்கிட்டான் மாமா"ன்னும் சொல்லுவ. அவன் அமுக்கட்டும். கார் கம்பெனிக்காரனுக்கு என்ன கேடு? 2017-லேருந்து நம்ம அரசாங்கம் மைலேஜ் அளவு வச்சு அவன் கழுத்தைப் பிடிக்குது. தப்பிக்கறதுக்கு அவன் கதவுத் தகட்டுல கிராம் கிராமா எடையைக் குறைக்கிறான், சிக்னல்ல நின்னா தானா அணையுற இன்ஜின் வைக்கிறான். ஒரு பாட்டிலும் நாலு தகடும் போதும்னா அவன் ஏன் இந்தப் பாடு படணும்?

இவ்வளவு சொல்லியும் உன் கூட்டாளி ஒருத்தனுக்கு மைலேஜ் கூடிச்சுங்கிற. நம்புறேன். அவன் பொய் சொல்லலை, அவன் காலுதான் அவன்கிட்ட சொல்லாம வேலை பாத்திருக்கு. முன்னாடி வேகத்தடை வரைக்கும் விரட்டிட்டுப் போயி பிரேக்குல ஏறி நிப்பான். பாட்டில் மாட்டின மறுநாள்லேருந்து கண்ணாடி இறக்கி, ரேடியோவை அணைச்சு, இன்ஜின் சத்தத்தைக் காது குடுத்துக் கேட்டுக்கிட்டே போறான். டயருக்குக் காத்து அடிக்கிறான், டிக்கியில கிடந்த சிமெண்ட் மூட்டையை இறக்கிட்டான். பின்ன கூடாம?

அதனால சோதனையை இப்படிச் செய்யி. பாட்டிலுக்கு ஒரு சுவிட்ச் வச்சு, அதை உன் சம்சாரம் கையில குடுத்துரு. எனக்கு மவ முறை வேணும்கிறதுக்காகச் சொல்லலை, உன்னை ஏமாத்துறதுல அவளுக்கு அனுபவம் உண்டு. ஒவ்வொரு தடவை டேங்க் நிரப்பும்போதும் அவ போடணும் இல்ல அணைக்கணும், உன்கிட்ட மூச்சு விடக் கூடாது. ஆம்மீட்டர் மேல கறுப்பு டேப் ஒட்டு. பானெட்டை நீ தொடக் கூடாது, பாட்டிலுக்குத் தண்ணி ஊத்துறதும் அவதான். ஒரே பங்க், ஒரே குழாய், துப்பாக்கி ஒரு தடவை தானா நின்னதும் போதும், குலுக்கி குலுக்கி மேல ஊத்தாதே. நீ ஒரு நோட்டுல மைலேஜை எழுது, அவ இன்னொரு நோட்டுல சுவிட்சை எழுதட்டும். தைப்பொங்கல் முடிஞ்சு ரெண்டு நோட்டையும் சேத்து வச்சு என் திண்ணையில பாப்போம்.

சுவிட்ச் போட்ட டேங்குல நூத்துக்கு இருபது பங்கு கூடியிருந்தா, அய்யனாருக்குக் கிடா வெட்டி ஊருக்கே சோறு போடுறது என் செலவு. கூடலைன்னா மாசம் ஒரு தடவை என்னையும் உங்கத்தையையும் சங்கரன்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரணும், பெட்ரோல் உன் காசு. கிடாவுக்கு நான் இன்னும் அட்வான்ஸ் குடுக்கலை. உங்கத்தை சேலை எடுத்து வச்சுட்டா.